புதிய உறுப்பும் பழைய மின்கம்பியும்: கணினித் தொலைநோக்கியின் மின் கோளாறுகள்

அமெச்சூர் வானியலாளர்களின் தொலைநோக்கிகளுக்குள் கணினி புகுந்தது 1980களின் பிற்பகுதியில். கலிஃபோர்னியாவின் செலஸ்ட்ரான் நிறுவனம் 1987இல் காம்பூஸ்டாரையும், அதே மாநிலத்தின் மீட் நிறுவனம் 1992இல் எல்.எக்ஸ்.200 வரிசையையும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. கைப்பெட்டியில் ஒரு கோளையோ விண்மீன் கொத்தையோ தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் குழாய் தானே திரும்பி அதன்மீது நிலைகொள்ளும் வசதி இவ்வாறு பரவியது. இத்தகைய கருவியின் ஆடியும் வில்லையும் பல பத்தாண்டுகள் உழைப்பவை என்பதால், அதைக் கைவிட மனமில்லாத உரிமையாளர்கள் புதிய கைப்பெட்டி, குவியத்தைச் சரிசெய்யும் மோட்டார், கேமரா, முகப்புக் கண்ணாடியில் பனி படியாமல் காக்கும் வெப்பப்பட்டை ஆகியவற்றைப் பழைய உடலிலேயே ஒவ்வொன்றாகச் சேர்க்கின்றனர். அதுவரை ஒழுங்காக இயங்கிய கருவி, மேம்பாடு முடிந்த பிறகு பாதி வழியில் நின்றுவிடுவதும், திரை அணைந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதும், மோட்டார் கட்டுக்கடங்காமல் ஓடுவதும் அடிக்கடி நேர்கின்றன. பழி உடனே புதிய உறுப்பின்மீது விழுந்தாலும், குற்றம் பெரும்பாலும் அதற்கு மின்சாரம் வந்து சேரும் வழியில்தான் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள மோட்டார்களின் இருவகைப் பணியை அறிய வேண்டும். பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்து விண்மீனைப் பின்தொடரும்போது தொலைநோக்கி வினாடிக்கு 15 வில்வினாடி மட்டுமே நகர்கிறது. ஒரு பாகையில் 3600 வில்வினாடிகள் என்பதால் இது மிக மெதுவான நகர்வு, இதற்குத் தேவையான மின்னோட்டமும் சிறிது. ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போதோ வேகம் வினாடிக்குச் சில பாகைகளாக, அதாவது ஏறத்தாழ ஆயிரம் மடங்காக உயர்ந்து, கிடைத்திசையிலும் உயரத்திசையிலும் திருப்பும் இரு மோட்டார்களும் சேர்ந்து மின்னோட்டத்தை இழுக்கின்றன. ஆகவே மணிக்கணக்கில் அமைதியாகப் பின்தொடரும் கருவி, தாவத் தொடங்கிய கணத்தில் மட்டும் மயங்கி விழுமானால், அதுவே வலுவான தடயம்.

மின்கம்பிக்கும் மின்தடை உண்டு. அமெரிக்க அளவுமுறையில் 24 எண் கொண்ட மெல்லிய செப்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.084 ஓம்; பேட்டரியிலிருந்து தொலைநோக்கிக்கு 2 மீட்டர் நீளமுள்ள வயரில் மின்சாரம் போகவும் திரும்பவும் 4 மீட்டர் கடப்பதால் மொத்தத் தடை 0.34 ஓம் ஆகிறது. மோட்டார்களோடு வெப்பப்பட்டையும் சேர்ந்து 3 ஆம்பியர் இழுத்தால், இவ்விரண்டின் பெருக்கலாகிய 1 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகிறது. பாதி தீர்ந்த ஈய அமில பேட்டரி தருவது 12.2 வோல்ட் அளவே. பளு ஏறும்போது அதுவும் சற்று இறங்கும். தளர்ந்த பிளக் இன்னும் அரை வோல்ட்டை விழுங்கும். இறுதியில் கருவிக்கு 11 வோல்ட்கூடக் கிடைப்பதில்லை. கிணற்று மோட்டாரைப் போட்டவுடன் வீட்டு விளக்கு மங்குவதும் இதே விதியால்தான். விளக்கு மங்குவதோடு நிற்கும், நுண்செயலி நினைவிழந்து மீண்டும் தொடங்கும். 18 எண் கம்பியைப் போட்டால் இதே நீளத்தில், இதே பளுவில் இழப்பு கால் வோல்ட்டாகச் சுருங்கிவிடும்.

பேட்டரியைத் தனியே அளந்து 12.5 வோல்ட் இருப்பதாகக் கண்டு நிம்மதி அடைவது இத்துறையில் மிகப் பொதுவான ஏமாற்றம். பளு இல்லாதபோது மின்னோட்டமும் இல்லை, எனவே வழியில் இழப்பும் தெரிவதில்லை. இரு கிளையாகப் பிரியும் வயர் ஒன்றை வாங்கி, ஒரு கிளையைத் தொலைநோக்கியில் செருகி, மற்றொரு கிளையின் நுனியில் மல்ட்டிமீட்டரைப் பிடித்து, இரு திசைகளிலும் முழு வேகத்தில் ஓடவிட்டு அளந்தால் உண்மை வெளிப்படும். மின்கல அடுக்கைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் கருத வேண்டும்: எட்டு சாதாரண மின்கலங்கள் 12 வோல்ட் தரும் இடத்தில், திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் எட்டு நிக்கல் மின்கலங்கள் 9.6 வோல்ட்தான் தரும்.

அடுத்த சந்தேகம் பிளக்கைச் சாரும். வட்டப் பிளக்கின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் என்பது பொது. ஆனால் உள்துளை 2.1 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் என இரு அளவுகளில் வருகிறது. பெரிய துளையுள்ளது சிறிய பின்னின்மீது நன்றாகவே நுழைந்து தளர்வாக ஆடும். குழாய் சுழலும்போது வயர் இழுபட்டுத் தொடர்பு நொடிப்பொழுது அறுபடும். செலஸ்ட்ரானின் நெக்ஸ்டார் வகைகளில் சாக்கெட்டின் நடுப்பின் இரண்டாகப் பிளந்திருக்கும். மின்சாரத்தை முற்றிலும் துண்டித்துவிட்டு, மெல்லிய கத்தி நுனியால் அப்பிளவைச் சிறிதே அகட்டினால் பிடிமானம் திரும்பிவிடுகிறது. நடுப்பின் நேர்முனையா எதிர்முனையா என்பதையும் புதிய அடாப்டரைச் செருகுமுன் உறுதிசெய்ய வேண்டும், ஏனெனில் முனை மாறினால் பாதுகாப்பு இல்லாத மின்சுற்றுப் பலகை கணத்தில் கருகிவிடும்.

நெக்ஸ்டார் திரையில் தோன்றும் ‘நோ ரெஸ்பான்ஸ் 16’, ‘நோ ரெஸ்பான்ஸ் 17’ என்ற செய்திகள் பலரைக் கலங்கடிப்பவை. உள்ளே ஒவ்வொரு பகுதிக்கும் முகவரி எண் உண்டு. 16 கிடைத்திசை மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பகுதியையும், 17 உயரத்திசை மோட்டாரின் பகுதியையும் குறிக்கும். இரண்டும் சேர்ந்து பதில் தராவிட்டால் கைப்பெட்டியின் சுருள் வயர், அதன் பிளக், மின்வழங்கல் ஆகிய பொதுவான பாதையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒன்று மட்டும் மௌனம் காத்தால் அந்தத் திசையின் பலகையையும் அதற்குச் செல்லும் இணைப்பையும் பார்க்கலாம். திரை என்பது கோளாறு அறிவிக்கப்படும் இடமேயன்றி, கோளாறு நிகழ்ந்த இடமாக இருப்பது அரிது.

கேமரா சேர்ப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. விண்மீனைப் பார்த்துக் குழாயைத் திருத்தும் வழிகாட்டிக் கேமராவுக்கான துளையும், துணைக்கருவிகளுக்கான துளையும் செலஸ்ட்ரான் தாங்கிகளில் தொலைபேசி வயரின் தோற்றமுடைய ஒரே ஆறு முனைச் சாக்கெட்டுகளே. துணைத் துளையில் 12 வோல்ட் இருக்கிறது; கேமரா வயரை அதில் மாற்றிச் செருகினால் கேமரா பழுதாகலாம். இப்படி ஒரே வடிவத்தை இரு வேறு பணிகளுக்குத் தந்தது வடிவமைப்பின் குறை. பயன்படுத்துபவரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

உடலைத் திறந்து கிரீஸ் மாற்றியபின் மோட்டார் முழு வேகத்தில் ஓடத் தொடங்கினால், கவனம் குறியாக்கியின்மீது திரும்ப வேண்டும். மோட்டார் அச்சில் பொருத்திய, நுண்ணிய பிளவுகள் கொண்ட வட்டத்தகட்டின் வழியே ஒளி விட்டுவிட்டு வருவதை உணரி எண்ணி, எவ்வளவு திரும்பியது என்று செயலிக்குத் தெரிவிக்கும் அமைப்பே குறியாக்கி. எண்ணிக்கை வராவிட்டால் மோட்டார் நின்றிருக்கிறது என்று செயலி கருதி, மேலும் மேலும் மின்சாரத்தைக் கொடுக்கிறது. தகட்டில் ஒட்டிய கிரீஸ், சரியாக அழுத்தப்படாத சிறு பிளக், மூடியின்றி வெளிச்சத்தில் சோதிக்கும்போது உணரியில் விழும் வெளியொளி ஆகிய எதுவும் இதற்குப் போதும். பழைய எல்.எக்ஸ்.200 பலகைகளில் வேறொரு தொல்லையும் உண்டு: மின்வழியிலுள்ள டான்டலம் மின்தேக்கிகள் முதுமையில் குறுக்குச்சுற்றாகி வெடிப்பது நன்கறியப்பட்டதால், கூடுதல் வோல்ட் தாங்கும் மின்தேக்கிகளைச் சாலிடர் செய்து பொருத்துவது வழக்கமாகிவிட்டது.

இவற்றுள் எதுவுமின்றி, அமைப்புத் தவறு மின் கோளாறு போல் வேடமிட்டு வருவதும் உண்டு. மீட்டின் ஆட்டோஸ்டார் கைப்பெட்டியை ஒரு தொலைநோக்கியிலிருந்து வேறொன்றுக்கு மாற்றினால், புதிய உடலின் மாதிரியைப் பட்டியலில் தேர்ந்தெடுத்து, மோட்டார்களை மறுபடி அளவிடும் கட்டளையை இயக்கி, அதன்பின் பற்சக்கரங்களின் தளர்வைக் கற்பிக்கும் பயிற்சியையும் முடிக்க வேண்டும். இவ்வரிசையைத் தவறவிட்டவர் எத்தனை வயர் மாற்றினாலும் குழாய் இலக்கைத் தாண்டியே நிற்கும்.