எஸ்.ஏ.டி. தேர்வு: குறைந்த மதிப்பெண்ணை மறைக்கலாமா?

அமெரிக்கக் கல்லூரியில் சேர எஸ்.ஏ.டி. தேர்வை இரண்டு முறை எழுதியாச்சு. எந்த மதிப்பெண்ணை அனுப்புவது? ‘அதிகமா வந்ததை மட்டும் அனுப்பினா போதும்’ என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க.

முதல் முறை வாசிப்பு-எழுத்துப் பிரிவில் 650, கணிதத்தில் 740, மொத்தம் 1390. அடுத்த முறை 710, 690, மொத்தம் 1400. இந்த 1400-ஐ மட்டும் அனுப்பினால், அந்த 740 வீணாகிவிடும். எம்.ஐ.டி. போன்ற பல கல்லூரிகள் ஒவ்வொரு பிரிவிலும் அதிகபட்ச மதிப்பெண்ணையே பார்க்கின்றன. இதற்குப் பெயர் ‘சூப்பர் ஸ்கோர்’. இரண்டையும் அனுப்பினால் உங்கள் மதிப்பெண் 1450!

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமோ எழுதிய எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்களையும் கேட்டு வருகிறது. அங்கே மறைக்க வழியில்லை. சில கல்லூரிகளில் மதிப்பெண் அனுப்புவதே கட்டாயமில்லை. அதனால், கட்டணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் படிச்சுப் பாருங்க.