84 கிலோ போதுமா?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்த முதல் ஆறு மாதம் உற்சாகமான காலம். ஒவ்வொரு மாதமும் எடை மெஷினில் ஏறும்போது சில கிலோ இறங்கியிருக்கும். தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்து வாங்கிய சுடிதார் மறுமாதமே தொளதொளத்துப் போகும். வருடம் ஒன்று திரும்பியதும் வேகம் மட்டுப்படும். ஒன்றரை வருடத்தில் மெஷின் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதும் அந்த நேரத்தில்தான். இன்னும் குறைக்க வேண்டுமா, இதுவே போதுமா என்ற கேள்வி அப்போது எழுகிறது. மதுரையில் கே.கே. நகர், அண்ணா நகர், மேலூர் ரோடு என்று மருத்துவமனைகளும் லேப்களும் நெருங்கிக் கிடக்கும் பகுதியில் வாழ்கிறவர்களுக்குப் பரிசோதனை செய்ய ஆயிரம் வழி உண்டு. இந்தக் கேள்விக்கு எந்த ரிப்போர்ட்டிலும் ஒற்றை வரியில் பதில் வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 160 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண். அறுவைக்கு முன் 120 கிலோ. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ.; இவருக்கு அது கிட்டத்தட்ட 47. பதினெட்டு மாதத்தில் 36 கிலோ குறைந்து 84-இல் நிற்கிறார். பி.எம்.ஐ. 33-க்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. இந்தியர்களுக்கான அளவுகோலில் 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் உடல்பருமன். அந்த அட்டவணை இவரை இன்னமும் 'உடல்பருமன்' என்ற கட்டத்தில்தான் வைத்திருக்கிறது. அதைத் தாண்ட 64 கிலோவுக்கு இறங்க வேண்டும். 23-க்கு வரவேண்டுமென்றால் 59.

அதே பெண்ணை அறுவை சிகிச்சை நிபுணர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? சர்வதேச உடல்பருமன் அறுவை சிகிச்சைக் கூட்டமைப்பின் நிபுணர்கள் 2024-இல் ஒரு வரையறைக்கு வந்தார்கள். எடையை மட்டும் வைத்துப் பார்த்தால், ஆரம்ப எடையில் 20 சதவீதம்கூடக் குறையாவிட்டால்தான் பலன் போதவில்லை என்று பொருள். இவருக்கு 30 சதவீதம் குறைந்திருக்கிறது. மருத்துவக் கணக்கில் இது நல்ல வெற்றி. ஒரே உடம்பை ஓர் அட்டவணை தோல்வி என்கிறது, இன்னொன்று வெற்றி என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர் குழம்பிப் போவதில் ஆச்சரியமில்லை.

இந்தக் குழப்பத்தைத் தெளியவைக்கும் ஆதாரங்களில் மிக நீண்டது சுவீடனிலிருந்து வருகிறது. 1987-இல் தொடங்கிய அந்த ஆய்வில் அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், அதே போன்ற உடல்வாகுள்ள, அறுவை செய்துகொள்ளாத 2,037 பேரையும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களின் எடை இரண்டாம் ஆண்டில் சராசரியாக 23 சதவீதம் குறைந்திருந்தது. பத்தாம் ஆண்டில் 17. இருபதாம் ஆண்டில் 18. மற்றவர்களின் எடையில் இருபது ஆண்டிலும் மாற்றமே இல்லை என்று சொல்லலாம். நம் 120 கிலோ பெண்ணுக்கு இந்தச் சராசரியைப் பொருத்தினால் இருபது வருடம் கழித்து அவர் 98 கிலோவில் இருப்பார். அது அன்றைய பழைய அறுவை முறைகள் பெரும்பான்மையாக இருந்த காலம். இன்றைய முறைகளில் எடை இன்னும் நன்றாகவே இறங்குகிறது. ஆனால் வளைகோடு அதேதான்: சரசரவென்று இறக்கம், பிறகு ஒரு தேக்கம், பிறகு சிறிய ஏற்றம்.

அந்தக் 'குறைவான' எடைக்குறைப்பிலும் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறந்தவர்கள் குறைந்தார்கள். சர்க்கரை நோய் பலருக்குப் பின்வாங்கியது. 2020-இல் வெளியான கணக்கில், அறுவை செய்துகொண்டவர்களின் ஆயுள் மற்ற குழுவைவிடச் சுமார் மூன்று ஆண்டு கூடுதலாக இருந்தது. 2012-இல் இதே குழு வெளியிட்ட கட்டுரையில் இன்னொரு செய்தி இருக்கிறது. அது போதிய கவனம் பெறவில்லை. யார் எவ்வளவு கிலோ குறைத்தார்கள் என்பதற்கும் அவர்களுக்கு இதயப் பாதிப்பு வந்ததா என்பதற்கும் தெளிவான தொடர்பு எதையும் அவர்களால் காண முடியவில்லை. இன்னும் பத்து கிலோ குறைத்தால் இதயம் அதே விகிதத்தில் பாதுகாப்பாகிவிடும் என்று யாராவது சொன்னால், இந்த ஆய்வு அதற்குத் துணை நிற்காது.

பிறகு ஏன் இத்தனை பேர் வருந்துகிறார்கள்? ஆசைப்பட்ட எண் வேறாக இருப்பதால். 1997-இல் அமெரிக்காவில் கேரி ஃபாஸ்டரும் தாமஸ் வாடனும் அவர்களுடைய குழுவும் உடல்பருமனுள்ள 60 பெண்களிடம், சிகிச்சைக்கு முன்பே கேட்டு எழுதி வைத்தார்கள்: உங்கள் இலக்கு என்ன, எது பரவாயில்லை, எவ்வளவு மட்டும் குறைந்தால் ஏமாற்றம்? இலக்கு, சராசரியாக, உடல் எடையில் 32 சதவீதம். உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்த 48 வாரச் சிகிச்சைக்குப் பின் அவர்கள் சராசரியாக 16 கிலோ குறைத்திருந்தார்கள். எந்த மருத்துவரும் பாராட்டக்கூடிய எடை அது. ஆனால் கிட்டத்தட்டப் பாதிப் பேர், தாங்களே 'ஏமாற்றம்' என்று குறித்து வைத்த எடையைக்கூட எட்டவில்லை. அறுவை சிகிச்சை வேறு வகை மருத்துவம்தான். என்றாலும் மனதில் ஓர் எண்ணை நிறுத்திக்கொண்டு அதற்கு முன்னால் தோற்றுப்போகும் கதை அங்கும் அப்படியே நடக்கிறது.

தேக்கம் வருவது சோம்பலால் அல்ல. இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்து, மீதியை நீண்ட குழாயாகத் தைப்பது ஸ்லீவ் முறை. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் முதல் மாதங்களில் சாப்பாட்டு நினைப்பே வராது. பைபாஸ் முறையில் இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேராகக் குடலோடு இணைக்கிறார்கள். இரண்டிலும் எடை குறையக் குறைய உடம்பு எரிக்கும் சக்தியின் அளவும் குறைந்துகொண்டே வருகிறது. சிறிய உடம்பை நடத்தக் குறைந்த சக்தி போதும். உள்ளே போவதும் எரிவதும் சமமாகும் இடத்தில் எடை நிற்கிறது. அதற்கும் கீழே போக உடம்போடு சண்டைதான் போட வேண்டும்.

மதுரையில் இந்தச் சண்டைக்கு வெளியிலிருந்தும் ஆட்கள் சேருவார்கள். கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா கையைப் பிடித்து, "என்னத்தா, மூஞ்சியெல்லாம் ஒட்டிப் போச்சு, சுகரா?" என்பார். அதே பந்தியில் எதிரே உட்கார்ந்திருக்கும் மதினி, "நல்லா இளைச்சிருக்கீங்க, இன்னுங் கொஞ்சம் எறக்கிட்டா எடுப்பா இருக்கும்ல" என்பார். அறுவை செய்துகொண்டதையே வீட்டுக்கு வெளியே சொல்லாதவர்கள் உண்டு. அவர்களால் இரண்டு பேச்சுக்கும் பதில் சொல்ல முடியாது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். ஐந்து பெண்களில் இருவருக்கு இருக்கும் ஒன்றை ஏதோ ஒருவரின் தனிப்பட்ட குறைபோலப் பந்தியில் வைத்துப் பேசுவதை நிறுத்த வேண்டும்.

ஆனாலும் 'போதும்' என்பது எல்லோருக்கும் பொருந்தும் பதிலல்ல. 20 சதவீதம்கூட இறங்காதவர், இறங்கியும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வராதவர், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர், முட்டிவலியால் மாடிப்படி ஏற முடியாதவர் இன்னும் குறைக்க வேண்டும் என்று மருத்துவரே சொல்வார். அவர்களுக்கு இப்போது வழிகளும் கூடியிருக்கின்றன. இங்கிலாந்தில் அறுவைக்குப் பின் போதிய பலன் கிடைக்காத 70 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2023-இல் வெளியாயின. லிராகுளுடைட் ஊசி போட்டுக்கொண்டவர்களின் எடை 24 வாரத்தில் மேலும் சுமார் 9 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு அரை சதவீதம். அதைவிட வலிமையான டிர்செப்படைட் 'மவுஞ்சாரோ' என்ற பெயரிலும், செமாகுளுடைட் 'வெகோவி' என்ற பெயரிலும் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. ஊசியை நிறுத்தினால் எடை திரும்ப ஏறும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

இரண்டாவது அறுவை என்பது இன்னும் பெரிய முடிவு. ஸ்லீவ் செய்தவருக்கு அதை பைபாஸாக மாற்றலாம். நெஞ்செரிச்சல் தாங்க முடியாமல் போகிறவர்களுக்கு அது அவசியமாகவும் ஆவதுண்டு. ஆனால் ஏற்கெனவே தைத்த இடத்தில் மறுபடி கத்தி வைப்பதால் கசிவும் சிக்கலும் வரும் வாய்ப்பு முதல் தடவையைவிட அதிகம். கால்பந்து வீரர் மரடோனா 2005-இல் கொலம்பியாவில் பைபாஸ் செய்துகொண்டு கண்கூடாக இளைத்தார்; பத்து வருடம் கழித்து, எடை ஏறிய நிலையில், வெனிசுவேலாவில் மீண்டும் அறுவைக்குப் போனார். தங்கள் எடை திரும்ப ஏறுவதைப் பார்க்கிறவர்கள் இந்தக் கதையை வெறும் செய்தியாகப் படித்துவிட்டு நகர முடியாது. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் எடைக்குறைப்பு அறுவைக்குச் சேர்ந்து உயிரிழந்ததும் தமிழ்நாட்டையே உலுக்கியது. உடம்புக்கு நோயில்லை, ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கிறது, எண் மட்டும் பிடிக்கவில்லை என்ற நிலையில் மீண்டும் மேஜையில் ஏறுவது சரியல்ல. காப்பீட்டிலும் இதற்கு இடமில்லை: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி பி.எம்.ஐ. 40-ஐ எட்டியிருக்க வேண்டும், அல்லது கடுமையான துணைநோய்களோடு 35-ஐ.

சரி, மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், சாப்பாட்டை மட்டும் இன்னும் குறைக்கிறேன் என்று ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். இங்கேதான் கவலை. அறுவை செய்துகொண்டவருக்கு ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை. ஓர் இட்லியில் இருப்பது ஏறத்தாழ 2 கிராம். சுருங்கிய வயிற்றுக்கு இரண்டு இட்லியே நிறைந்துவிடும். கூட நாலு வகைச் சட்னி இருந்தாலும் புரதம் பெரிதாகக் கூடாது. அதையும் ஒன்றாகக் குறைத்தால் எடை இறங்கத்தான் செய்யும். இறங்குவது கொழுப்பு மட்டுமில்லை, தசையும்தான். முடி கொட்டும், ரத்தசோகை வரும், எலும்பு மெலியும். வாந்தியோடு பட்டினியும் சேர்ந்து தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோனால் நரம்பும் மூளையும்கூடப் பாதிக்கப்படலாம். ஆகவே முட்டை, அயிரை மீன், நாட்டுக்கோழி, சைவர்களானால் சுண்டலும் தயிரும் பனீரும் தட்டில் முதலில் போக வேண்டும், சோறு கடைசியில். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுளுக்கும். குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் அறுவைக்குப் பின் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடமாவது தள்ளிப்போட வேண்டும். எடை வேகமாகக் கரையும் காலம் கருவுக்கு உகந்ததல்ல.

முடிவெடுக்கும்போது மெஷினைவிட உதவுகிற அளவுகள் வேறு இருக்கின்றன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, கல்லீரல், ஹீமோகுளோபின், பி12. இடுப்புச் சுற்றளவு ஒரு டெய்லர் டேப்பில் தெரிந்துவிடும். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. வண்டியூர் கண்மாய்க் கரையில் பேசிக்கொண்டே அரைமணி நேரம் மூச்சு வாங்காமல் நடக்க முடிகிறதா என்பதும் ஓர் அளவுதான். 2025 ஜனவரியில் லான்செட் குழும இதழ் ஒன்றின் நிபுணர் குழுவும் இதே திசையில்தான் போனது: பி.எம்.ஐ.-யை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டாதீர்கள், உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா, அன்றாட வேலை முடிகிறதா என்று பாருங்கள் என்றது. தொங்கும் தோலும் மெஷினில் எடையாகவே ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. பெரிய எடையை இறக்கியவர்களுக்கு அது பட்டினியால் போகாது. வேண்டுமானால் பிளாஸ்டிக் அறுவை நிபுணரைப் பார்க்கலாம்.

'இதுவே போதும்' என்று தீர்மானித்தவருக்கு வேலை முடிந்துவிடவில்லை. எடையை இருக்கும் இடத்தில் நிறுத்துவதே நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை. சிறிய வயிற்றை ஏமாற்றிவிட்டு உள்ளே போகிறவை இரண்டு: திரவமும் கொறிப்பும். ஒரு கிளாஸ் ஜிகர்தண்டா, ஒரு டம்ளர் பருத்திப்பால், சாயங்காலம் டிவி முன்னால் கையில் எடுக்கும் மிக்சர். கெட்டியான உணவைத் தடுத்து நிறுத்தும் குழாய் வயிறு இவற்றை மடமடவென்று விட்டுவிடும். பைபாஸ் செய்தவர்களுக்கு அதே ஜிகர்தண்டா வியர்வை, படபடப்பு, கிறுகிறுப்பு என்று திருப்பிக் கொடுக்கவும் செய்யும். மது இன்னும் கெட்டது. பைபாஸுக்குப் பின் அது ரத்தத்தில் வேகமாக ஏறுகிறது, குடிநோய்க்கு ஆளாகிறவர்களின் விகிதம் இரண்டாம் ஆண்டில் கூடுவதாக அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது.

எடை எவ்வளவு ஏறினால் பயப்பட வேண்டும்? 2024 வரையறைப்படி, குறைத்த எடையில் 30 சதவீதத்துக்கு மேல் திரும்ப ஏறினால் அது மருத்துவம் தேவைப்படும் நிலை. 36 கிலோ குறைத்த நம் பெண்ணுக்கு அது ஏறத்தாழ 11 கிலோ, அதாவது 95. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நாலைந்து கிலோ ஏறும்போதே, வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாமல், அறுவை செய்த மருத்துவரையும் உணவு ஆலோசகரையும் பார்ப்பது நல்லது. மனம் சோர்ந்து தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரையும். வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை, கையில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, கூடவே வீட்டிலிருந்து ஒருவர். அறுவை செய்துகொண்டவரே வீட்டில் சமைப்பவர் இல்லையென்றால், சமைக்கிறவரையே அழைத்துப் போவது உத்தமம்.