விளக்குக்கு எண்ணெய் வார்ப்பவர் யார்?



2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுவர் உட்படப் பலர் மாண்ட அந்நாளிலேயே முகநூல், வாட்ஸ்அப் முதலியவற்றை அரசாங்கம் முடக்கியது. ஏப்ரல் 30இலேயே தடை நீங்கியது. இடைப்பட்ட ஞாயிறன்று கத்தோலிக்க ஆலயங்களில் பொதுத் திருப்பலி இல்லை. பேராயர் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். ஆலயமும் அடைபட்டு, வாட்ஸ்அப்பும் அடைபட்ட அந்நாட்களில், கைபேசிக்குள்ளேயே பதிந்து கிடக்கும் செபச் செயலிக்கு மட்டும் தடை எதுவும் இருக்கவில்லை.

ஆகவே நம் பங்குக்கும் சபைக்கும் ஒரு செயலி வேண்டும் என இளையோர் கேட்பது நியாயமே. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கணினி கற்ற பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். சில வாரங்களில் அதனைச் செய்தும் விடுவார்கள். அதன் பிறகு?

வாவிக்கரையிற் சிலையாக நிற்கும் வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் இங்கு வந்து, 1815 ஏப்ரலில் மறைந்தார். ஓராண்டும் நிறையவில்லை. அவர் தொடங்கிய பணி மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றும் நிலைப்பது, பின்வந்தோர் அதனைக் கைவிடாததாலேயே. மத்தேயு 25ஆம் அதிகாரத்து உவமையிலும் வெளியே நின்ற ஐவரிடம் விளக்கு இருந்தது, எண்ணெய்தான் இல்லை.

செயலிக்கு எண்ணெய் பல வகை. நம் செபப் புத்தகங்களிற் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. ஒருங்குறிக்கு மாற்றுகையில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம்மாறி, 'தேவன்' என்பது 'தெவன்' ஆகிவிடலாம். வரிவரியாக ஒருவர் வாசித்துத் திருத்த வேண்டும். அதற்குக் கணினி அறிவைவிடப் பொறுமையே தேவை. (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இல்லாத ஊரா நம்முடையது?) திருவிவிலியப் பகுதிகளைச் சேர்ப்பதாயின் பதிப்புரிமை உடையோரின் அனுமதியும் பெற வேண்டும்.

போதனைப் பகுதியோ இன்னும் கவனத்திற்குரியது. செபமாலையில் ஒளியின் மறையுண்மைகள் 2002இற் சேர்ந்தன. மரண தண்டனை பற்றிய கத்தோலிக்க மறைக்கல்வியின் 2267ஆம் பத்தி 2018இல் மாற்றி எழுதப்பட்டது. திருகோணமலை-மட்டக்களப்பு மறைமாவட்டம் 2012இல் இரண்டானது. 2025இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைய, பதினான்காம் லியோ வந்தார். இவற்றை அறியாத செயலி, பழைய பெயரைச் சொல்லியே செபித்துக்கொண்டிருக்கும். அச்சுப் புத்தகத்தின் பழமையை அதன் தாள் காட்டிக்கொடுக்கும். கண்ணாடித் திரையில் அது தெரியாது.

செலவும் உண்டு. கூகுள் நிறுவனம் செயலி வெளியிடுவோரிடம் ஒரு முறை 25 டொலர் பெறுகிறது. ஆப்பிள் ஆண்டுதோறும் 99 டொலர். 2022இல் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐத் தொட்டதை நாம் மறக்கவில்லை. புதுப்பிக்காது விட்ட செயலிகளைக் கூகுள் புதிய கைபேசிகளுக்குக் காட்டாது மறைத்துவிடவும் செய்கிறது. பங்குச் சபையின் ஆண்டுக் கணக்கில் ஆலய மின்கட்டணத்தோடு இதற்கும் ஒரு வரி இருக்கட்டும்; ஒரு பிள்ளை வேலை தேடி வெளிநாடு சென்றால், கடவுச்சொல்லும் மூலக்குறியும் இன்னொருவர் கையில் இருக்கட்டும்.

இறுதியாக, 'உங்கள் விண்ணப்பத்தை எழுதுங்கள்' என்னும் பெட்டி. 2019 அக்டோபரில் வத்திக்கான் சார்பில் வெளியான மின் செபமாலைச் செயலியிலேயே, பிறர் கணக்கினுள் நுழையத்தக்க குறை சில நாட்களுக்குள் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. வசதி மிக்கோருக்கே அந்நிலை. காணாமற்போன மகனின் பெயரையும் கொண்டுசெல்லப்பட்ட நாளையும் ஒரு தாய் அப்பெட்டியில் எழுதுவாள். அது எந்த நாட்டுக் கணினியிற் கிடக்கும், எவர் வாசிப்பார் என்பதற்கு நம்மிடம் பதில் வேண்டும். பதில் கிடைக்கும்வரை அப்பெட்டியைச் சேர்க்க வேண்டாம். செபங்கள் மட்டும் போதும்; அத்தாயின் விண்ணப்பத்தை அருட்தந்தையோ போதகரோ நேரிற் கேட்கட்டும்.