ஓட்டையும் இல்லை, அடைப்பும் இல்லை, ஏன் கொதிக்கிறது?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

வெப்பச் சலனம் என்னும் பாடத்தைப் படித்து, தேர்வும் எழுதி, மறந்தும்விட்ட எங்களுக்கு அதை மீண்டும் நினைவூட்டியது ஒரு பழைய கார்.

எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தாவிடம் 1926ஆம் ஆண்டு ஃபோர்டு 'டி' மாடல் கார் இருக்கிறது. அவருடைய தகப்பனார் ஓட்டியது. சில மாதங்களாக, கடைத்தெருவுக்குப் போய் வருவதற்குள் ரேடியேட்டர் மூடி வழியே ஆவி சீறத் தொடங்கிவிடும். "பம்பு வைத்துப் பாருங்கள்" என்றார் ஒருவர். "எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார் இன்னொருவர். தாத்தாவுக்கு அலுத்துவிட்டது. விலை கேட்டு வந்தவருக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். தோழி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியாக ஒரு முறை ரேடியேட்டர் பட்டறையில் காட்டிவிடலாம் என்று அவள் கெஞ்ச, தாத்தா இணங்கினார். நாங்கள் நால்வரும் உடன் சென்றோம்.

'டி' மாடல் என்பது ஹென்றி ஃபோர்டின் கம்பெனி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்த கார். தொடக்கத்தில் வந்த சுமார் 2,500 கார்களைத் தவிர, மற்றவற்றில் தண்ணீர்ப் பம்பே வைக்கவில்லை! அப்படியானால் தண்ணீர் எப்படி ஓடும்? என்ஜினைச் சுற்றியுள்ள தண்ணீர் சூடேறி, இலேசாகி, மேலே எழுகிறது. மேல் ரப்பர்க் குழாய் வழியாக ரேடியேட்டரின் மேல் தொட்டிக்குப் போகிறது. அங்கிருந்து மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்றுப் பட்டுக் குளிர்ந்து, கனமாகி, கீழ்க் குழாய் வழியே என்ஜினுக்குத் திரும்புகிறது. ஆய்வுக்கூடத்தில் பீக்கரில் ஊதா நிறம் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்தோமே, அதே சங்கதிதான். இதில் ஒரு நிபந்தனை உண்டு. மேல் குழாயின் வாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் சுற்று அறுந்துவிடும். மொத்தமே ஏறக்குறைய 11 லிட்டர் தண்ணீர்தான். ஆகவே சிறு கசிவும் பெரிய தொல்லை.

பட்டறை அண்ணாச்சி ரேடியேட்டரைத் தொடுவதற்கு முன், "ஐயா, ஸ்டியரிங்குக்கு இடப்பக்கத்து லீவரை எப்படி வைத்து ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். அது தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் லீவராம். பொறி தாமதமாக விழுந்தாலும் என்ஜின் சூடேறுமாம். தாத்தா சரியாகத்தான் ஓட்டியிருந்தார்.

பிறகு ரேடியேட்டரைக் கழற்றி, வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றை ஏற்றினார். ஒரு குமிழிகூட வரவில்லை. ஓட்டை இல்லை. எடுத்து நிறுத்தி மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். கீழே தடையின்றிக் கொட்டியது. அடைப்பும் இல்லை. எங்களுக்கு முகம் வாடிவிட்டது.

அண்ணாச்சி மட்டும் சிரித்தார். குழாய்களின் குறுக்கே அடுக்கியிருந்த மெல்லிய தகடுகளில் ஒன்றை விரலால் தள்ளி, "பாப்பா, இங்கே பாருங்க" என்றார். தகடு குழாயின் மேல் வழுக்கி நகர்ந்தது!

அதுதான் நோய். தண்ணீரின் சூடு முதலில் குழாய்க்கு வரும். குழாயிலிருந்து பற்றாசு வழியே தகடுகளுக்குப் பரவும். அவற்றின் அகன்ற பரப்பிலிருந்துதான் காற்று அதை வாங்கிக்கொண்டு போகும். பல்லாண்டு அதிர்விலும், சூடேறி ஆறி சூடேறி ஆறியும், பற்றாசு விட்டுப்போயிருந்தது. குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே மயிரிழை அளவு காற்று. காற்றோ வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். பார்வைக்கு நல்ல ரேடியேட்டர். உண்மையில் சூட்டை இறக்க முடியாத குழாய்க் கட்டு. இதற்குப் பம்பு வைத்து என்ன பயன்?

நூற்றுக்கணக்கான இணைப்புகளையும் திரும்பப் பற்ற வைப்பது ஆகாத காரியம். எனவே குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதியை மட்டும் புதிதாகப் போட்டு, பழைய தொட்டிகளை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரி சென்டிகிரேடிலேயே இளகத் தொடங்கும். பித்தளை உருக ஏறக்குறைய 900 டிகிரி வேண்டும். அதனால்தான் தொட்டிக்குக் கேடில்லாமல் பிரித்து எடுக்க முடிகிறது. திரும்பப் பற்ற வைக்குமுன், உலோகம் பளபளக்கும் வரை சுரண்டித் துடைத்தார்கள். அழுக்கின் மேல் பற்றாசு ஒட்டவே ஒட்டாதாம். ஆசிட் புகை வந்ததும் எங்களை வாசலுக்கு விரட்டிவிட்டார். அதில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கசிவை அடைக்க மஞ்சள் தூள் போடும் வழக்கத்தைப் பற்றிக் கேட்டோம். வழியில் தவித்தால் வீடு வந்து சேர உதவும், ஆனால் பிறகு அதுவே மெல்லிய குழாய்களில் தங்கி அடைத்துக்கொள்ளும் என்றார். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுவது அதைவிட மோசம். வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

பத்து நாள் கழித்துக் கார் வந்தது. கடைத்தெருவையும் தாண்டி ஆற்றுப் பாலம் வரை ஓட்டிப் பார்த்தோம். ஆவி இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொருத்தியாகத் தொட்டுப் பார்த்தோம். மேல் தொட்டி சுட்டது. கீழ்க் குழாயில் கையை வைத்துக்கொண்டே நிற்க முடிந்தது. தாத்தாவும் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய், விலை பேசியவருக்குப் போன் செய்தார்.