அறையின் ஈரமும் மூக்கின் ஈரமும்

தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மவர் தை மாதத்தில் ஒரு புதிரைக் காண்பதுண்டு. வெளியே எதிரில் வருபவர் முகம் புலப்படாத மூடுபனி. உள்ளேயோ உதடு வெடிக்கிறது, நள்ளிரவில் மூக்கு வறண்டு எரிகிறது. இத்தனை ஈரத்தின் நடுவே வறட்சி எங்ஙனம் வந்தது?

காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு அதன் வெப்பத்தைப் பொறுத்தது. 8 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 8 கிராம் நீராவியையே தாங்கும். அக்காற்று அறைக்குள் வந்து 22 டிகிரிக்குச் சூடேறினால், 19 கிராம் வரை தாங்க வல்லதாகிறது. அதனிடம் இருப்பதோ பழைய 8 கிராம்தான். வெளியே நிறைவாக இருந்த ஈரம் உள்ளே நூற்றுக்கு 40 பங்கை ஒட்டிவிடுகிறது. இதற்கு ஒப்பு ஈரப்பதம் என்று பெயர். அலுவலகக் கோப்பில் பிறந்த சொல் போலத் தோன்றினும் பொருள் எளிது: தாங்கக்கூடியதில் தாங்கியிருப்பது எத்தனை பங்கு என்பதே அது.

மூக்கு வறண்டதும் அறையை நனைக்க முற்படுவது இயல்பு. ஆனால் ஒவ்வாமை உடையவர்க்கு அது பகையை விருந்துக்கு அழைப்பதாகும். மெத்தையிலும் ரஜாயிலும் வாழும் தூசி உண்ணி நீர் அருந்துவதில்லை. காற்றின் ஈரத்தையே உடலால் உறிஞ்சி உயிர் வாழ்கிறது. ஈரப்பதம் 50-க்குக் கீழே நெடுநாள் நீடித்தால் அது உலர்ந்து மடியும்; 70-ஐக் கடந்தால் செழிக்கும். 60-க்கு மேல் பூஞ்சணத்துக்கும் வாய்ப்பு உண்டு. உண்ணி மடிந்தாலும் அதன் எச்சம் துணியிலேயே தங்கித் தும்மலை விளைவிக்கும். மழைக்காலம் முழுவதும் பெட்டியில் கிடந்த ரஜாயை வெயிலில் காயவைத்தால் மட்டும் போதாது என்பது இதனால்தான். நன்கு உதறி, உறையை வெந்நீரில் துவைத்தே போர்த்த வேண்டும்.

உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயுடையார் நிலை இன்னும் சிக்கலானது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவர் குழுவினரும் 1981-இல் உலகுக்கு அறிவித்த முறைப்படி, ஸீ-பாப் எனப்படும் பொறி முகமூடி வழியே இடையறாது காற்றைச் செலுத்தித் தொண்டை அடைபடாமல் காக்கிறது. வாய் திறந்துகொண்டால் அக்காற்று மூக்கில் நுழைந்து வாய் வழியே ஓடிவிடும். ஓயாத ஓட்டத்தால் மூக்கின் உட்சவ்வு வறண்டு வீங்குகிறது. மூக்கு அடைபடவே வாய் மேலும் திறக்கிறது. இவ்வேதனை தாளாமல் பொறியை மூலையில் வைத்துவிடுவோர் பலர். பின்னர் பகலில் வண்டியோட்டும்போது கண் செருகும்; இரத்த அழுத்தமும் உயரக்கூடும்.

இங்கே பிரித்துணர வேண்டுவது ஒன்று. அறையின் ஈரம் வேறு, மூச்சின் ஈரம் வேறு. அறையை 40-க்கும் 50-க்கும் இடையே நிறுத்திவிட்டு, மூக்கின் தேவையைப் பொறியோடு இணையும் சிறு நீர்க்கலத்திடம் ஒப்படைக்க வேண்டும். அக்கலம் நீரைச் சூடாக்கி, உட்செல்லும் காற்றை மட்டுமே ஈரமாக்குகிறது. ஆகையால் மூக்கு வறண்டால் முதலில் அதன் அளவைக் கூட்டிப் பார்க்கலாம். ஹீட்டர் அருகே ஒரு கிண்ணம் நீர் வைக்கும் வடநாட்டு வழக்கம், ஈரமானி 30-க்குக் கீழே காட்டும் நாள்களில் நன்று. 50 காட்டும்போது வீண்.

குளிர்ந்த அறையில் வேறொரு தொல்லை உண்டு. சூடான ஈரக் காற்று குழாயில் செல்லும்போதே குளிர்ந்து, நீராய்த் துளித்து முகத்தில் தெறிக்கும். மூடுபனியை உண்டாக்கும் அதே விதிதான் இதுவும். குழாய்க்குக் கம்பளியுறை இடுவதும், பொறியைக் கட்டிலைவிடத் தாழ வைப்பதும் பயன் தரும். சூடேறும் குழாயும் கிடைக்கிறது.

கலத்தில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். வெறுமே கொதிக்கவைத்த நீரில் உப்புகள் நீங்குவதில்லை. அவை கலத்தில் வெள்ளையாய்ப் படியும். எஞ்சிய நீரை நாள்தோறும் கொட்டிக் கலத்தைக் கழுவி உலர்த்துக.

வைகாசியில் வறண்ட காற்றுக்கு நீர் சொட்டும் கூலர் இதம். ஆனால் ஆனி நடுவில் பருவமழை தில்லியை எட்டியபின் அதனை ஓடவிட்டால் அறை உண்ணிகளின் பண்ணையாகிவிடும். அப்போது குளிர்சாதனமே ஏற்றது. கடற்காற்று வீசும் பம்பாய் வாசிகளுக்கோ கூலரால் எப்பருவத்திலும் பெரும்பயன் இல்லை. இத்தனையும் செய்த பின்னரும் மூக்கடைப்பு தீராவிடில் முகமூடியின் பொருத்தத்தையும் பொறியின் அழுத்தத்தையும் மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்க. அழுத்தத்தைத் தாமாகவே மாற்றிக்கொள்ளல் ஆகாது.