கல்லூரி நூலகங்களில் நூல் கழிவு: தமிழ் நூல்களுக்கு ஒரு கேள்வி கூடுதலாகத் தேவை

ஜொகூர் பாரு: கடந்த 2025 மே மாதம் ஜொகூர் பாலத்திற்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் நடந்த ஒரு சம்பவம் நூல் விரும்பிகளைக் கொதிப்படைய வைத்தது. மூடப்படவிருந்த யேல்-என்யுஎஸ் கல்லூரியின் நூலகப் புத்தகங்கள் மறுசுழற்சிக்கு அனுப்பப்பட்ட காட்சிகள் சமூக ஊடகங்களில் பரவின. அவற்றை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு மாணவர்களுக்கு வழங்கப்படவில்லை. எதிர்ப்பு வலுத்ததும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. எஞ்சிய நூல்களை விரும்புவோருக்கு வழங்கவும் ஏற்பாடு செய்தது.

"புத்தகத்தைத் தூக்கிப் போடலாமா?" என்பதுதான் அப்போது பலரும் எழுப்பிய கேள்வி. சரசுவதி பூசையில் புத்தகத்தை வைத்து வணங்கும் நமக்கு அந்தக் கேள்வி இயல்பானது. ஆனால், நூலகர்களைக் கேட்டால் வேறு பதில்தான் வரும். கழிக்காத நூலகம் நல்ல நூலகமாக இருக்க முடியாது என்பார்கள்.

ஏன் கழிக்க வேண்டும்?

சீர்காழியில் பிறந்து இந்திய நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் சீ.இரா.அரங்கநாதன், 1931ஆம் ஆண்டு நூலகத்திற்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஐந்தாவது விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்கிறது. புதிய நூல் வந்துகொண்டே இருக்கிறது. அலமாரியின் நீளமோ மாறுவதில்லை.

பழைய தகவல் ஆபத்தாகவும் முடியலாம். ஸ்கூடாயிலும் பாரிட் ராஜாவிலும் பொறியியல், தொழில்நுட்பம் பயிலும் மாணவர் காலாவதியான மின்கம்பி விதிமுறையைப் படித்துவிட்டு வேலைக்குப் போனால் என்னாகும்? மருந்தியல், சட்டம், கணினி நூல்களுக்கும் இதே நிலைதான்.

மூன்றாவது காரணம் நம் தட்பவெப்பம். ஈரப்பதம் மிகுந்த ஜொகூரில் பூஞ்சைக் காளானும் கரையானும் நூல்களின் நிரந்தர எதிரிகள். வெள்ள நீரில் நனைந்த நூலில் இரண்டு மூன்று நாட்களுக்குள் காளான் பிடிக்கத் தொடங்கிவிடும். காளான் பிடித்த ஒரு நூலை அப்படியே விட்டுவைத்தால் பக்கத்து நூல்களும் கெடும்.

எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1970களில் உருவான ஒரு முறை உலகெங்கும் நூலகர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறது. அது ஆறு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. தகவல் தவறாகிவிட்டதா? நூல் சரிசெய்ய முடியாத அளவுக்குச் சிதைந்துவிட்டதா? புதிய பதிப்பு வந்துவிட்டதா? உள்ளடக்கம் பயனற்றதா? இந்த நூலகத்தின் வாசகர்களுக்குத் தொடர்பில்லாததா? தேவைப்பட்டால் வேறு இடத்தில் எளிதில் கிடைக்குமா?

இவற்றோடு, நூல் கடைசியாக எப்போது இரவல் போனது என்பதையும் கணினிப் பதிவில் பார்ப்பார்கள். பிறகு பட்டியல் தயாராகி, விரிவுரையாளர்களின் கருத்தும் நிர்வாகத்தின் ஒப்புதலும் பெற்ற பின்னரே நூல் அலமாரியை விட்டு இறங்க வேண்டும். முறையாகச் செய்தால், கழிக்கப்பட்ட நூல் முதலில் பிற நூலகங்களுக்கும், அடுத்து மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் வழங்கப்படும். யாருக்கும் வேண்டாதது மட்டுமே மறுசுழற்சிக்குப் போகும்.

தமிழ் நூல்களின் நிலை வேறு

பொறியியல் பாடநூல் ஒன்றைக் கழித்தால் அதன் இன்னொரு படி உலகின் ஏதோ ஒரு நூலகத்தில் இருக்கும். மலேசியத் தமிழ் நூல் அப்படியல்ல. நம் எழுத்தாளர்களில் பலர் சொந்தச் செலவில் சில நூறு படிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்றவர்கள். அவற்றில் பெரும்பாலானவை மறுபதிப்புக் காணவில்லை. ஒரு தோட்டத்துப் பள்ளியின் ஆண்டுமலரோ, ஓர் இலக்கியப் போட்டியின் தொகுப்போ அந்தக் கல்லூரி அலமாரியில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும்.

இரவல் கணக்கு இத்தகைய நூலுக்குச் சரியான அளவுகோல் ஆகாது. பத்து ஆண்டுகள் யாரும் தொடாத சிறுகதைத் தொகுப்பை, பதினோராவது ஆண்டில் ஓர் ஆய்வு மாணவர் தேடி வரலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டியலைத் தயாரிக்கும் பணியாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில் பதிவாகின்றன. அனைத்துலக நூலக முறைப்படி 'கதை' என்பதில் உள்ள 'த' எழுத்தை ஆங்கில 'டி' போட்டு எழுதுவார்கள். நாமோ 'டிஎச்' போட்டுத் தேடுவோம். ஒரே நூல் ஒரு நூலகத்தில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் பதிவாகியிருந்தால், "வேறு இடத்தில் கிடைக்குமா?" என்ற ஆறாவது கேள்விக்குக் கணினி சரியான பதிலைத் தராது.

சட்டம் எந்த அளவுக்குக் காக்கிறது?

நம் நாட்டின் 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, வெளியிடப்படும் ஒவ்வோர் அச்சு நூலின் ஐந்து படிகளைப் பதிப்பாளர் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். சொந்தமாக நூல் போடும் எழுத்தாளரும் இதன்படி பதிப்பாளரே. ஒப்படைத்த நூலுக்குக் கோலாலம்பூரில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஒப்படைக்காத நூல், சங்க மலர், மாநாட்டு மலர் போன்றவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

தனி மனிதரின் அக்கறை எவ்வளவு சாதிக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா சான்று. அவர் வாழ்நாள் முழுவதும் திரட்டிய சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும்தான், 1994இல் சென்னையில் அவர் பெயரில் உருவான ஆராய்ச்சி நூலகத்திற்கு அடித்தளம். பிறர் சாதாரணமாக நினைத்த நாடக நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் இன்று ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம்.

நாம் செய்யக்கூடியவை

கல்லூரித் தமிழ் விரிவுரையாளர்கள், கழிவுப் பட்டியலில் தமிழ் நூல் இருந்தால் தங்களிடம் காட்டும்படி நூலகரிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுவைக்கலாம். தமிழ் தெரிந்த இரண்டு பேர் ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் போதும்.

மாணவர் தமிழ்ச் சங்கங்கள், அலமாரியில் உள்ள மலேசிய நூல்களைத் தமிழ் எழுத்திலேயே பட்டியலிடலாம். ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் ஆகிய மூன்றும் இருந்தாலே மற்ற நூலகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

நூல் அன்பளிப்பு செய்வோரும் யோசிக்க வேண்டும். பெட்டி பெட்டியாகப் பழைய வார இதழ்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால், நூலகருக்குச் சுமைதான் கூடும். என்ன தேவை என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது.

சிதைந்ததும் காலாவதியானதும் போகட்டும், அதில் தவறில்லை. ஆனால் மலேசியத் தமிழ் நூல் எதுவும், "இதன் இன்னொரு படி எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்கு உறுதியான பதில் கிடைக்காமல் கல்லூரி வாசலைத் தாண்டக்கூடாது.