கையொப்பம் தேடுவோர்

ஒருவர் மறைந்த பின்னர் அவரை நினைவூட்டும் பொருள்கள் பலவாக எஞ்சி நிற்கலாம். ஆயினும் அவர் தம் கையால் எழுதிய கடிதத்திற்கு ஒப்பானது பிறிதொன்றில்லை. மை தீர்ந்து மீண்டும் தோய்த்தெழுதிய இடத்தையும், எண்ணம் மாறி அடித்துத் திருத்திய சொல்லையும், அவசரத்தால் சாய்ந்த வரியையும் அதில் நேரிற் காணலாம். இதனாலேயே பெரியோர் கையெழுத்துக்களைத் தேடித் திரட்டும் வழக்கம் பல நாடுகளிலும் தோன்றியது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வழக்கம் வளர்ந்த வரலாறு நின்று நோக்கத்தக்கது. அந்நாட்டின் பழைய ஆவணங்கள் பல இன்றும் நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம். அவற்றுட் சில சிதைந்து போனமைக்கும் இதுவே காரணம்.

கையொப்பம் என்றதும் பெயரெழுதிய ஒரு வரியே பலர் மனத்தில் தோன்றும். சேகரிப்போர் அச்சொல்லை இன்னும் விரிந்த பொருளில் வழங்குவர். அவர்கள் பொருள்களை நால்வகையாகப் பிரிப்பர். ஒருவர் முழுவதும் தம் கையாலேயே எழுதிப் பெயரிட்ட கடிதம் முதல்வகை. செயலாளர் எழுத, உரியவர் ஒப்பமிட்ட கடிதம் இரண்டாவது. நியமனப் பத்திரம், காணி உறுதி போன்ற ஆவணத்தில் இட்ட ஒப்பம் மூன்றாவது. எங்கிருந்தோ வெட்டியெடுத்த சிறு தாள்துண்டிலுள்ள பெயர் நான்காவது. மதிப்பும் பெரும்பாலும் இவ்வரிசையிலேயே அமையும். எனினும் எழுதப்பட்ட பொருளே இறுதியில் மதிப்பை நிருணயிக்கும். ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட நியமனப் பத்திரங்கள் மிகப்பல. உள்நாட்டுப் போர் பற்றித் தம் கருத்தை விளக்கி அவர் கைப்பட எழுதிய கடிதமோ அவற்றினும் பன்மடங்கு விலை பெறும்.

அமெரிக்காவில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் வில்லியம் புவெல் ஸ்பிரேக் என்னும் பாதிரியார். 1815ஆம் ஆண்டளவில், இருபது வயது இளைஞராக, ஜோர்ஜ் வாஷிங்டனின் மருமகன் முறையினரான லோறன்ஸ் லூயிஸ் என்பவரின் வேர்ஜீனிய இல்லத்தில் அவர் ஆசிரியராக அமர்ந்தார். வாஷிங்டனின் கடிதங்களும் பத்திரங்களும் அக்காலத்தில் மற்றொரு மருமகனாகிய புஷ்றொட் வாஷிங்டனின் பொறுப்பில் இருந்தன. வேண்டிய கடிதங்களை எடுத்துக்கொள்ளுமாறு அவர் ஸ்பிரேக்கிற்கு அனுமதி அளித்தார். எடுக்கும் ஒவ்வொன்றிற்கும் ஒரு பிரதி எழுதி வைத்துச் செல்லவேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. இவ்வாறு ஏறத்தாழ 1,500 கடிதங்கள் அவர் கைக்கு வந்தன என்பர். சொற்கள் பிரதியில் இருக்கும்போது பழைய தாளால் ஆவதென்ன என்று அக்காலத்தவர் எண்ணினர். இன்றைய ஆவணக் காப்பாளர் எவரும் அதற்கு உடன்படார்.

இதனினும் வருந்தத்தக்க செய்தியொன்று உண்டு. வாஷிங்டன் 1789 ஏப்ரல் 30ஆம் நாள் முதலாவது ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அந்நாளில் நிகழ்த்துதற்கென முதலில் ஆயத்தம் செய்யப்பட்ட நீண்ட உரையொன்றை, அறுபதிற்கும் மேற்பட்ட பக்கங்களில், அவர் தம் கையாலேயே படியெழுதி வைத்திருந்தார். பின்னர் அதனை விடுத்து, ஜேம்ஸ் மாடிசன் துணையுடன் அமைந்த குறுகிய உரையையே நிகழ்த்தினார். வாஷிங்டனின் எழுத்துக்களைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்த ஜாரெட் ஸ்பார்க்ஸ் என்னும் வரலாற்றறிஞரிடம் அவ்வரைவு சென்றடைந்தது. நிகழ்த்தப்படாத உரைதானே எனக் கருதிய அவர், வாஷிங்டனின் கையெழுத்து வேண்டுமென்று கேட்டோர்க்கெல்லாம் அதனைப் பக்கம் பக்கமாகவும், பின்னர் கத்தரித்த துண்டுகளாகவும் வழங்கினார். பதிப்பித்துக் காத்தவரே பகிர்ந்து சிதைத்தவருமானார். பிற்கால அறிஞர் பல இடங்களிலிருந்தும் துண்டுகளைத் தேடி ஒட்டிப் பார்த்தனர். ஒரு துண்டின் ஈற்றில் அறுந்த வாக்கியத்திற்கு மற்றொரு துண்டு கிடைத்தபோது மகிழ்ந்தனர். ஆயினும் உரை முழுவதும் இன்றுவரை கிடைத்திலது. புதிய நாடொன்றை நடத்தும் பொறுப்பை ஏற்குமுன் அதன் தலைவர் கூற எண்ணியவற்றுட் சில இவ்வாறு அறியமுடியாதனவாயின.

சேகரிப்போர் பலரின் நெடுநாள் இலட்சியம், 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட 56 பேரின் கையெழுத்துக்களையும் ஒருங்கே பெறுதலாகும். பெஞ்சமின் பிராங்கிளின், தோமஸ் ஜெபர்சன் போன்றோர் நீண்டகாலம் வாழ்ந்து மிகுதியாக எழுதியவர். அவர்தம் கடிதங்கள் ஏலங்களிற் கிடைக்கும். அரியவை புகழ் குறைந்தோரின் எழுத்துக்களே. ஜோர்ஜியாவைச் சேர்ந்த பட்டன் குவினெற் இங்கிலாந்திலிருந்து வந்து வணிகம் செய்தவர். அதிற் சிறக்காது கடன்பட்டவர். பிரகடனத்தில் ஒப்பமிட்டு ஓராண்டு நிறையுமுன், 1777 மே மாதத்தில், லாக்லன் மக்கின்ரொஷ் என்பவருடன் துப்பாக்கிகொண்டு பொருத தனிப்போரிற் காயமுற்று இறந்தார். அவருடைய கையொப்பங்களாக இன்று அறியப்பட்டவை ஐம்பதை ஒட்டியவையே. அவற்றுட் பல கடன்பத்திரங்களிலும் அன்றாடக் கொடுக்கல்வாங்கல் பற்றிய தாள்களிலும் உள்ளவை. 1927ஆம் ஆண்டில், குவினெற்றின் ஒப்பமுள்ள கடிதமொன்றை றோசன்பாக் என்னும் புகழ்பெற்ற நூல் வணிகர் 51,000 டொலருக்கு ஏலத்தில் வாங்கினார். உயிரோடிருந்தபோது கடனுக்காக இட்ட ஒப்பம் அக்கடனினும் மிகப்பெரிய பொருளாயிற்று. தென் கரோலினாவைச் சேர்ந்த தோமஸ் லிஞ்ச் என்ற இளையவரும் 1779ஆம் ஆண்டில், முப்பது வயதளவில், கடற்பயணத்தில் மறைந்தார். அவர் பெயராக எஞ்சியவற்றுட் பல, அவர் தம் புத்தகங்களில் எழுதிவைத்திருந்தவை. அவையும் ஏட்டிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டவையே.

அரிய பொருளுக்கு விலை ஏறுமிடத்துப் போலியும் பிறக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் நூல் வணிகம் செய்த றொபேட் ஸ்பிரிங் என்பவர் வாஷிங்டனின் காசோலைகளையும் அனுமதிச் சீட்டுக்களையும் போலியாக எழுதுவதில் வல்லவர். பழைய நூல்களின் வெற்றுத் தாள்களைக் கிழித்து, கோப்பிச் சாற்றாற் பழுப்பேற்றி, அவற்றில் எழுதினார். தென்னகத் தளபதி ஸ்ரோன்வோல் ஜாக்சனின் மகள் வறுமையுற்றுத் தந்தையின் கடிதங்களை விற்பதாகக் கதை புனைந்து, இங்கிலாந்திலுள்ளோரையும் ஏமாற்றினார். அண்மைக் காலத்தில் மார்க் ஹொப்மன் என்பவரின் வஞ்சகம் உயிர்ப்பலியில் முடிந்தது. தம் போலி ஆவணங்கள் வெளிப்படும் என அஞ்சிய அவர், 1985 ஒக்டோபரில் சோல்ற் லேக் நகரில் குண்டு வைத்து இருவரைக் கொன்றார். 1987ஆம் ஆண்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுட்சிறை பெற்றார்.

உண்மையையும் போலியையும் பிரித்தறிவது எவ்வாறு? முதலில் நோக்கப்படுவது தாள். பழைய தாள் கந்தலாடையைக் கூழாக்கிச் செய்யப்பட்டது. ஒளிக்கெதிரே பிடித்தால் கம்பிக் கோடுகளும் ஆலையின் நீர்க்குறியும் தோன்றும். மரக்கூழ்த் தாள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே பெருவழக்காயிற்று. ஆதலின் அத்தகைய தாளில் வாஷிங்டனின் கடிதம் இருத்தல் இயலாது. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தாளிற் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் ஊதாக்கடந்த கதிரின்கீழ் ஒளிரும். அடுத்தது மை. மாசிக்காயின் சாற்றோடு அன்னபேதி சேர்த்து ஆக்கிய மையே அக்காலத்தில் வழங்கியது. அது நாட்பட நாட்படக் கருமை நீங்கிப் பழுப்பாகித் தாளினுள் ஊறும். ஹொப்மன் மையைச் செயற்கையாக முதுமைப்படுத்தியமையால், அது முதலைத் தோல்போல் நுண்ணிய வெடிப்புற்றிருந்ததை நுணுக்குக்காட்டி காட்டிக்கொடுத்தது. மூன்றாவது கையின் ஓட்டம். தம் பெயரை எழுதுபவர் எண்ணாது விரைந்தெழுதுவர். பிறர் பெயரை வரைபவர் தயங்குவர், கோடு நடுங்கும்.

போலியல்லாத ஒப்பமும் சில வேளைகளில் உரியவருடையதன்று. ஜனாதிபதியின் பெயரிலுள்ள அரசாங்கக் காணி உறுதிகளில் முன்னர் அவரே ஒப்பமிட்டார். 1833ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமொன்று, அவருக்காகச் செயலாளர் ஒருவர் ஒப்பமிட இடமளித்தது. ஆகவே லிங்கன் பெயர் தாங்கிய காணி உறுதியொன்றைப் பாட்டன் பெட்டியிற் கண்டெடுத்தவர் மகிழ்ச்சி கொள்ளுமுன் இதனை நினைத்தல் வேண்டும். லிங்கன் தம் கடிதங்களில் பெயரின் முதலெழுத்தோடு லிங்கன் என்று மட்டுமே எழுதுவார். அரச ஆவணங்களிற்றான் முழுப்பெயரும் எழுதுவார். இந்நுட்பத்தை அறியாது மாற்றியெழுதி அகப்பட்ட போலிகளும் உண்டு.

ஆவணம் உண்மையானதாயினும், அது எவ்வாறு கைமாறி வந்தது என்ற வினா எஞ்சும். 1789ஆம் ஆண்டில் அமெரிக்க உரிமைச் சாசனத் திருத்தங்களின் பிரதிகள் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. வட கரோலினாவின் பிரதியை, 1865இல் தலைநகர் றாலியில் புகுந்த வடபுலப் படைவீரன் ஒருவன் கவர்ந்து சென்றான். மறு ஆண்டில் அது 5 டொலருக்கு விற்கப்பட்டது. பின்னர் அதனை விலைக்குத் தருவதாகச் செய்தி வந்தபோதெல்லாம், தன் உடைமையைத் தானே வாங்குவதில்லை என மாநில அரசு மறுத்துவந்தது. ஈற்றில், 2003ஆம் ஆண்டில், கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்தார் வாங்குவோர்போற் சென்று அதனை மீட்டனர். 138 ஆண்டுகள் கழித்து அது தன் இல்லத்தை அடைந்தது.

இவற்றிலிருந்து சேகரிப்போர் சில நெறிகளை வகுத்துக்கொண்டனர். எதனையும் வெட்டலாகாது. கடிதத்தை உறையினின்றும், தொகுதியைத் தன் துணைத்தாள்களினின்றும் பிரித்தல் தகாது. ஒட்டுநாடாவும் சுவரில் மாட்டும் வெயிலொளியும் கேடு விளைப்பன. யாரிடமிருந்து எப்போது பெற்றது என்பதை எழுதி உடன் வைத்தல் வேண்டும். வாழ்நாள் முழுவதும் திரட்டியதை இறுதியில் பொது நிலையமொன்றிற்கு அளித்தவர்களும் பலர். பிலடெல்பியாவைச் சேர்ந்த சைமன் கிராற்ஸ் தம் பெருந்திரட்டைப் பென்சில்வேனிய வரலாற்றுக் கழகத்திற்கு அளித்தமை அதற்கு ஒரு சான்று.

வாஷிங்டனின் வரைவிலிருந்து ஒரு துண்டைப் பரிசாகப் பெற்றவர், அதனைக் கண்ணாடிச் சட்டத்திலிட்டு மிக்க அன்புடனேயே போற்றியிருப்பார். அவரது அன்பிற் குறையில்லை. ஆனால் அவர் சுவரில் தொங்கியது பாதி வாக்கியம். மற்றப் பாதி வேறொருவர் சுவரில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்க எவருக்கும் வாய்க்கவில்லை.